குழாய்த் தண்ணீருக்குக் காவல் யார்?

கிருமியைக் கொல்ல குளோரின் உண்டு. பூச்சிமருந்தைத் தடுக்க என்ன உண்டு?

திருப்பதியில் ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள சந்துகளில் பொழுது விடியுமுன்பே குடங்கள் வரிசைக்கு வந்துவிடும். ஓட்டல் தொழிலாளி, லாட்ஜ் குமாஸ்தா, கட்டட மேஸ்திரி, பூ கட்டும் பெண் எல்லோருக்கும் அன்றைய முதல் கவலை தண்ணீர்தான். சித்தூரிலோ கோடை வந்துவிட்டால் லாரியை எதிர்பார்த்து நிற்க வேண்டும். வந்த தண்ணீர் தெளிவாக இருக்கிறதா, நாற்றம் இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்துப் பிடித்துக்கொள்கிறார்கள். அதற்கு மேல் ஆராய யாருக்கும் நேரமில்லை. ஆராயக் கருவியும் இல்லை.

கலங்கல் கண்ணுக்குத் தெரியும். சாக்கடை கலந்தால் மூக்குக்குத் தெரியும். உப்பு இருந்தால் நாக்குக்குத் தெரியும். ஆனால் பூச்சிமருந்தும், தொழிற்சாலை ரசாயனமும் மிகச் சிறிய அளவில் கலந்திருந்தால் கண், மூக்கு, நாக்கு மூன்றும் ஏமாந்துவிடும். அன்று வயிற்றுப்போக்கும் வராது, காய்ச்சலும் வராது. ஆண்டுக்கணக்கில் குடித்த பிறகே சில ரசாயனங்களின் கெடுதல் வெளிப்படுகிறது. அதனால்தான் இந்த விஷயத்தில் குடிப்பவரின் ஜாக்கிரதை மட்டும் போதாது. சட்டத்தின் காவல் வேண்டும் என்கிறார்கள் நிபுணர்கள்.

அந்தக் காவல் நம் நாட்டில் எப்படி இருக்கிறது? கேன் தண்ணீருக்கு ஒரு விதமாகவும், குழாய்த் தண்ணீருக்கு வேறு விதமாகவும் இருக்கிறது என்பதே இதற்குப் பதில்.

கேனுக்கு ஒரு அளவு

2003-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் டில்லியிலுள்ள விஞ்ஞான, சுற்றுச்சூழல் மையம் ஓர் ஆய்வை வெளியிட்டது. டில்லியிலும் பம்பாயிலும் விற்ற பாட்டில் தண்ணீரைப் பரிசோதித்ததில் பூச்சிமருந்து எச்சம் இருந்தது என்று அந்த மையம் கூறியது. அதே ஆண்டு ஆகஸ்டில் குளிர்பானங்களைப் பற்றியும் இதே குற்றச்சாட்டு எழுந்தது. பாராளுமன்றம் கொந்தளித்தது. சரத் பவார் தலைமையில் கூட்டுக் குழு அமைக்கப்பட்டது. குழு 2004 பிப்ரவரியில் அறிக்கை தந்தது.

அதற்குள்ளாகவே மத்திய அரசு பாட்டில் தண்ணீருக்குப் புதிய விதி செய்தது. 2004 ஜனவரி 1-ந் தேதி முதல், எந்த ஒரு பூச்சிமருந்தும் லிட்டருக்கு 0.0001 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. எல்லாம் சேர்ந்து 0.0005 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. இது ஐரோப்பிய நாடுகள் குடிநீருக்கு வைத்திருக்கும் அளவு. இதை மீறி விற்பவர் மீது வழக்குத் தொடரலாம்.

குழாய்க்கு ஒரு அளவு

குழாய்த் தண்ணீருக்கும் ஒரு தர நிர்ணயம் உண்டு. இந்தியத் தர நிர்ணய அமைப்பு வகுத்த அதன் எண் 10500. முதலில் 1983-ல் வெளியிடப்பட்டு, 1991-லும் 2012-லும் திருத்தப்பட்டது. அதில் 18 பூச்சிமருந்துகளுக்குத் தனித்தனி வரம்பு இருக்கிறது.

வயலில் பரவலாகத் தெளிக்கப்பட்டு வந்த குளோர்பைரிபாஸ் என்ற மருந்தை எடுத்துக்கொள்வோம். குழாய்த் தண்ணீரில் லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். பாட்டிலிலோ 0.1 மைக்ரோகிராம்தான் இருக்கலாம். குழாய்க்கு உள்ள வரம்பு பாட்டிலுக்கு உள்ளதைப் போல் 300 மடங்கு. மாலத்தியானுக்குக் குழாய் வரம்பு 190 மைக்ரோகிராம். அது 1,900 மடங்கு. டி.டி.டி.க்கு 10 மடங்கு.

இதைப் பார்த்தவுடன் குழாய்த் தண்ணீர் விஷம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இரண்டு வரம்புகளும் இரண்டு வழிகளில் கணக்கிடப்பட்டவை. பாட்டில் வரம்பு, எந்த மருந்தானாலும் தண்ணீரில் அதற்கு இடமே இல்லை என்ற கொள்கையில் பிறந்தது. குழாய் வரம்பு, ஒரு மனிதன் வாழ்நாள் முழுவதும் தினம் குடித்தாலும் கெடுதல் வராத அளவு எது என்று ஒவ்வொரு மருந்துக்கும் தனியாகக் கணக்கிட்டுப் பெற்றது. இரண்டுக்கும் நியாயம் உண்டு.

குறை வேறிடத்தில் இருக்கிறது. பாட்டில் அளவு சட்டம். குழாய் அளவு வெறும் தர நிர்ணயம். அதை மீறினார் என்பதற்காக மட்டும் ஒரு நகராட்சியை யாரும் கூண்டில் ஏற்ற முடிவதில்லை. காசு கொடுத்துப் பாட்டில் வாங்குபவருக்குச் சட்டம் துணை நிற்கிறது. வரி கட்டிக் குழாயில் பிடிப்பவருக்கு வழிகாட்டி நெறி மட்டும் இருக்கிறது.

2019 நவம்பரில் மத்திய உணவு மந்திரியாக இருந்த ராம் விலாஸ் பாஸ்வான் 21 நகரங்களின் குழாய்த் தண்ணீர்ப் பரிசோதனை முடிவை வெளியிட்டார். பம்பாய் ஒன்றுதான் எல்லாவற்றிலும் தேறியது. சென்னையில் எடுத்த 10 மாதிரிகளில் ஒன்றுகூடத் தேறவில்லை. குழாய்த் தண்ணீருக்கும் தர நிர்ணயத்தைக் கட்டாயமாக்க வேண்டும் என்று அப்போது அவர் பேசினார். மறு ஆண்டு அவர் காலமானார்.

பட்டியலில் இல்லாத பெயர்

18 மருந்துகளின் பட்டியல் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். இதே ஆந்திர மாநிலத்தில் நடந்த ஒரு சம்பவம் அதற்குப் பதில் சொல்கிறது.

2020 டிசம்பர் 5-ந் தேதி. மேற்கு கோதாவரி மாவட்டத்து ஏலூர் நகரில் திடீரென்று ஜனங்கள் மயங்கி விழத் தொடங்கினார்கள். வலிப்பு, வாயில் நுரை, நினைவு தடுமாற்றம். சில நாட்களில் 600 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். பெரும்பாலோர் விரைவிலேயே தேறி வீடு திரும்பினார்கள். டில்லி அகில இந்திய மருத்துவ நிறுவனம், ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், நாகபுரி சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் என்று பல நிறுவனங்களின் நிபுணர்கள் வந்தார்கள். பூச்சிமருந்து எச்சமே முக்கிய காரணமாக இருக்கக் கூடும் என்று அவர்கள் அரசுக்குத் தெரிவித்தார்கள். அது எந்த வழியாக உடலுக்குள் போயிற்று என்பது பற்றி மேலும் ஆராய வேண்டும் என்றும் கூறினார்கள்.

ஐதராபாத் நிறுவனத்தின் ஆய்வில் பேசப்பட்ட மருந்து ட்ரையசோபாஸ். குடிநீர்த் தர நிர்ணயத்தின் 18 மருந்துப் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. பட்டியலில் இல்லாத மருந்தை எந்தப் பரிசோதனை நிலையமும் வழக்கமாகத் தேடுவதில்லை. தேடாத பொருள் அகப்படுவதும் இல்லை. 'பரிசோதனையில் தேறியது' என்று ஒரு சீட்டில் எழுதியிருந்தால், தேடிய பொருள்கள் வரம்புக்குள் இருந்தன என்பதுதான் அதற்குப் பொருள்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ட்ரையசோபாஸ் உள்ளிட்ட 6 மருந்துகளை 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு பயன்படுத்தக் கூடாது என்று மத்திய அரசு 2018 ஆகஸ்டிலேயே உத்தரவு போட்டிருந்தது. தடை அமலுக்கு வரச் சில வாரங்களே இருந்தபோது ஏலூர் சம்பவம் நடந்தது.

பாலாறு சொல்லும் பாடம்

காலம் தாழ்த்தினால் என்ன ஆகும் என்பதைச் சித்தூர் மாவட்டத் தமிழர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. பலருக்கு வாணியம்பாடியும் ஆம்பூரும் ராணிப்பேட்டையும் சொந்த ஊர். அல்லது பெண் கொடுத்த ஊர்.

கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறக்கும் பாலாறு, குப்பம் வட்டாரத்தின் வழியே சித்தூர் மாவட்டத்தைக் கடந்து தமிழ்நாட்டில் இறங்குகிறது. இறங்கிய பிறகு அதன் இரு கரையிலும் தோல் பதனிடும் தொழிற்சாலைகள். குரோமியம், உப்பு, சாயம் எல்லாம் ஆற்றிலும் நிலத்திலும் இறங்கின. கிணறுகள் கெட்டன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று.

1996 ஆகஸ்டு 28-ந் தேதி நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான பெஞ்ச் தீர்ப்பு வழங்கியது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றதாகிவிட்டது என்ற விவரம் அத்தீர்ப்பில் இருக்கிறது. நாடு முழுவதற்கும் பொருந்தும் இரண்டு விதிகளையும் கோர்ட்டு அன்று உறுதி செய்தது. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்பது ஒன்று. கெடுதல் நிச்சயமாக நிரூபணமாகும் வரை காத்திராமல், வரக்கூடும் என்றாலே முன்கூட்டித் தடுக்க வேண்டும் என்பது மற்றொன்று.

தீர்ப்பு பெரிது, அமல் சிறிது. ஏறத்தாழ 30 ஆண்டு கழித்து, 2025 ஜனவரி 30-ந் தேதி, அதே வேலூர்ப் பகுதித் தோல் கழிவு பற்றி சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு கொடுத்து முடிக்கும்படியும், நிலைமையைத் தணிக்கை செய்யக் குழு அமைக்கும்படியும் நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் உத்தரவிட்டார்கள். முதல் தீர்ப்பின்போது பள்ளிக்கூடம் போன பிள்ளைக்கு இரண்டாவது தீர்ப்பின்போது தலை நரைக்கத் தொடங்கியிருக்கும்.

ராணிப்பேட்டையில் குரோமிய ரசாயனம் தயாரித்த தொழிற்சாலை 1990-களிலேயே மூடப்பட்டது. அது விட்டுச் சென்ற கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல். ஆலை போனாலும் கழிவு போகவில்லை. தரைக்கடியில் இறங்கிவிட்ட ரசாயனத்தைத் திரும்ப எடுப்பதைவிட, இறங்காமல் தடுப்பது சுலபம் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

ஐதராபாத் ஏரிகளைக் காத்த வழக்கு

முன்கூட்டித் தடுத்த கதையும் உண்டு. அது ஆந்திர மண்ணில்தான் நடந்தது.

1908-ல் மூசி ஆறு பெருக்கெடுத்து ஐதராபாத்தை அழித்த பிறகு, நிஜாம் அரசு இரண்டு நீர்த்தேக்கங்களைக் கட்டியது. உஸ்மான் சாகர் 1920-ல் முடிந்தது. ஹிமாயத் சாகர் 1927-ல் முடிந்தது. ஐதராபாத், செகந்திராபாத் இரட்டை நகரங்களின் குடிநீருக்கு அவை பல்லாண்டு காலம் ஆதாரமாக இருந்தன. அவற்றைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் மாசு உண்டாக்கும் தொழிற்சாலை எதுவும் கூடாது என்று ஆந்திர அரசு 1996 மார்ச் 8-ந் தேதி ஆணை போட்டது. அதுதான் பலராலும் பேசப்பட்ட 111-ம் எண் அரசாணை.

அந்த எல்லைக்குள் பெத்தஷாபூர் என்ற கிராமத்தில் ஒரு கம்பெனி, ஆமணக்கு எண்ணெயிலிருந்து ரசாயனப் பொருள்கள் தயாரிக்கும் ஆலை அமைக்க முனைந்தது. ஆலையின் கழிவில் நிக்கலும் இருக்கும். மாசுக் கட்டுப்பாடு வாரியம் அனுமதி மறுத்தது. ஆனால் ஆணை போட்ட அதே அரசு, 1997 ஜூலையில் அந்த ஆலைக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுத்தது. மேல்முறையீட்டு அதிகாரியும் கம்பெனிக்குச் சாதகமாக முடிவு செய்தார். வாரியம் விடவில்லை, சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று.

1999 ஜனவரி 27-ந் தேதி தந்த தீர்ப்பில் கோர்ட்டு ஒரு முக்கியமான கேள்விக்கு விடை சொன்னது. கெடுதல் வரும் என்று நிரூபிப்பது ஜனங்களின் பொறுப்பா, வராது என்று நிரூபிப்பது கம்பெனியின் பொறுப்பா? வராது என்று நிரூபிப்பது ஆலை அமைப்பவரின் பொறுப்பே என்றது கோர்ட்டு. பிறகு நிபுணர்களின் ஆய்வு அறிக்கைகள் வரவழைக்கப்பட்டன. 2000 டிசம்பர் 1-ந் தேதி இறுதித் தீர்ப்பு வந்தது. அரசு கொடுத்த விதிவிலக்கு செல்லாது; குடிநீர் பெறுவது வாழும் உரிமையின் ஒரு பகுதி; லட்சக்கணக்கானோர் குடிக்கும் நீருக்கு ஆபத்து வரும்படி ஓர் அரசு சலுகை காட்ட முடியாது.

பாலாற்றில் பிறந்த விதி மூசி ஏரிகளைக் காத்தது என்று இதைச் சொல்லலாம்.

இத்தீர்ப்பை எழுதிய நீதிபதி ஜகந்நாத ராவ், இப்படிப்பட்ட வழக்குகளில் நீதிபதிகளுடன் விஞ்ஞானிகளும் உட்கார வேண்டும் என்ற கருத்தையும் எழுதினார். பின்னர் அவரே சட்டக் கமிஷன் தலைவராக இருந்து 2003-ல் அதற்கான அறிக்கை தந்தார். 2010-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் பிறந்தது. அதன் தென் மண்டல பெஞ்ச் சென்னையில் இருக்கிறது. ஆந்திராவும் அதன் எல்லைக்குள் வருகிறது. சித்தூர்க்காரர் தம் ஊர்த் தண்ணீருக்காகச் சென்னையில் முறையிடலாம்.

மாநிலம் பிரிந்த பிறகு, 2022 ஏப்ரலில் தெலங்கானா அரசு 111-ம் ஆணையின் கட்டுப்பாடுகளை நீக்கியது. நகரம் வேறு நீர் ஆதாரங்களுக்கு மாறிவிட்டது என்பது அது சொன்ன காரணம். தீர்ப்பு காத்த எல்லையை ஓர் அரசாணையால் தளர்த்திவிட முடிந்தது. சட்டமன்றம் செய்த சட்டமாக இருந்திருந்தால் அவ்வளவு எளிதில் முடிந்திராது.

ஒரே கால்வாய், இரண்டு நகரம்

திருப்பதிக்கு வருவோம். 1977-ல் முடிந்த கல்யாணி அணையும் தெலுங்கு கங்கையும் இந்த நகரத்துக்கு முக்கிய குடிநீர் ஆதாரங்கள். தெலுங்கு கங்கை சென்னைக்காகப் பிறந்த திட்டம். 1983-ல் எம்.ஜி.ஆரும் என்.டி. ராமராவும் முதல்வர்களாக இருந்தபோது ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1996 செப்டம்பரில் கிருஷ்ணா நீர் முதன்முதலாகச் சென்னை ஏரியை எட்டியது. கண்டலேறு நீர்த்தேக்கத்திலிருந்து திறந்த கால்வாயில் வரும் நீர் ஊத்துக்கோட்டை எல்லையைத் தாண்டிப் பூண்டிக்குப் போகிறது. அதே கண்டலேற்று நீர்தான் காளஹஸ்தி வழியாகத் திருப்பதிக்கும் வருகிறது.

ஆகவே, திருப்பதியில் குடம் பிடிப்பவரும், சென்னையில் இருக்கும் அவருடைய அண்ணனும் குடிப்பது ஒரே மூலத்து நீர். கால்வாய்க்கு மேட்டில் ஒரு வயலில் அடித்த மருந்தோ, ஓர் ஆலை விட்ட கழிவோ இரண்டு வீட்டுக்கும் போகும். மாநில எல்லை தண்ணீருக்குத் தெரியாது.

சித்தூர் நகரத்தின் நிலை வேறு. நீவா ஆற்றில் மழை பெய்தால்தான் நீர். ஆழ்துளைக் கிணறும் லாரியும் கைகொடுக்கின்றன. பல தெருக்களுக்கு நீர் எந்தக் கிணற்றிலிருந்து வருகிறது என்பதே மாறிக்கொண்டிருக்கும். சுற்றிலும் மாந்தோப்பு, நிலக்கடலை, கரும்பு, தக்காளி. விவசாயம் இருக்கும் இடத்தில் மருந்தும் இருக்கும். லாரியில் வரும் நீருக்குக் கிணற்றின் பெயரும், பரிசோதித்த தேதியும் தெரிய வேண்டும் என்று கேட்பது அதிகப்படியான கோரிக்கை அல்ல.

அழியாத ரசாயனம்

இப்போது உலகம் முழுவதும் பேசப்படுவது ஒரு புதுக் கூட்டம். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாத பாத்திரப் பூச்சு, மழைக்கோட்டு, தீயணைக்கும் நுரை ஆகியவற்றுக்காக மனிதன் செய்த புளோரின் ரசாயனங்கள். ஆயிரக்கணக்கான வகைகள் உண்டு. இவை மண்ணிலும் நீரிலும் எளிதில் சிதைவதில்லை. அதனால் 'என்றும் அழியாத ரசாயனம்' என்று பெயர் பெற்றுவிட்டன. இவற்றில் சில புற்றுநோய், ஈரல் கோளாறு ஆகியவற்றோடு தொடர்புடையவை என்று ஆய்வுகள் கூறுகின்றன.

அமெரிக்க அரசு 2024 ஏப்ரலில் இவற்றில் முக்கியமான இரண்டுக்கு லிட்டருக்கு 4 நானோகிராம் என்று வரம்பு விதித்தது. அது எவ்வளவு? ஒரே ஒரு கிராமை 25 கோடி லிட்டர் தண்ணீரில் கரைத்தால் வரும் அளவு. 12,000 லிட்டர் பிடிக்கும் லாரி என்றால் 20,800 லாரிக்கு மேல் வேண்டும். அவ்வளவு நீரில் ஒரு கிராம்! 2025 மே மாதம் அந்த இரண்டுக்கும் வரம்பு நீடிக்கும், ஆனால் அமல் செய்ய 2031 வரை அவகாசம், மற்ற சிலவற்றின் வரம்பை விலக்கிக்கொள்ளப் போகிறோம் என்று அமெரிக்க அரசு அறிவித்தது. பணக்கார நாட்டிலும் கம்பெனிகளும் குடிநீர் வாரியங்களும் செலவைக் காட்டித் தயங்குவது இதிலிருந்து தெரிகிறது. ஐரோப்பிய நாடுகள் 20 வகைகளுக்கும் சேர்த்து 100 நானோகிராம் என்று 2020-ல் விதி செய்து, 2026 ஜனவரியிலிருந்து கட்டாயமாக்கின.

இந்தியாவில் 2012-ல் திருத்திய குடிநீர்த் தர நிர்ணயத்தில் இந்த ரசாயனங்களுக்கு வரம்பு எதுவும் குறிக்கப்படவில்லை. சென்னையின் நீர்நிலைகளில் இவை இருப்பதாகச் சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். விஷயம் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல பெஞ்சுக்கும் போயிற்று.

குளோரினைக் குறை சொல்லலாமா?

இதையெல்லாம் கேட்டு, குளோரின் வாடை அடிக்கும் தண்ணீரைக் கொட்டிவிடுபவர்களும் உண்டு. அது தவறு. தண்ணீரில் இலை தழை அழுகிய சத்து இருந்தால், குளோரின் அதனோடு சேர்ந்து குளோரோபாரம் போன்ற சில பொருள்களை உண்டாக்கும் என்பது உண்மையே. அதற்கும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் என்று தர நிர்ணயத்தில் வரம்பு இருக்கிறது. ஆனால் காலராவும் டைபாய்டும் சில நாளில் ஆளைக் கொல்லும். அவற்றைத் தடுப்பது குளோரின். நீரை முதலில் நன்றாக வடிகட்டி, பிறகு அளவோடு குளோரின் சேர்த்தால் இரண்டு ஆபத்தும் குறையும்.

வீட்டில் செய்யக் கூடியது

காய்ச்சினால் கிருமி சாகும். பூச்சிமருந்தும் உலோகமும் பெரும்பாலும் போகாது. நீர் ஆவியாகச் சுண்டும்போது மிஞ்சியதில் செறிவு சற்றுக் கூடவும் கூடும். துணியில் வடிகட்டுவதால் கரைந்த ரசாயனம் போகாது. கரி வடிகட்டி பல பூச்சிமருந்துகளைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் கரியைக் காலத்தில் மாற்ற வேண்டும். சவ்வு வழியே அழுத்தி வடிக்கும் இயந்திரம் உப்பு, உலோகம், ரசாயனம் பலவற்றையும் நீக்கும். அதற்கு விலையும் உண்டு, கழிவாகப் போகும் தண்ணீரும் உண்டு.

கேன் வாங்குவோர், அதன் மேல் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எண் இல்லாத கேனுக்கு மேலே சொன்ன பாட்டில் சட்டத்தின் காவல் இருப்பதாக நம்ப முடியாது. ஒட்டுக் காகிதம் இல்லாமல் வரும் கேன், குழாய்த் தண்ணீரைவிட உயர்ந்தது என்று எண்ணக் காரணமில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விஷயம். தொழிலாளர் குடியிருப்புகளில் வீட்டுக்கு வீடு நீலப் பிளாஸ்டிக் பீப்பாய் நிற்கிறது. பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைப்பது. அதில் முன்பு என்ன வந்தது என்று கேட்டு வாங்குபவர் சிலரே. ரசாயனம் வந்த பீப்பாயை எத்தனை முறை கழுவினாலும் பிளாஸ்டிக் உறிஞ்சியது முழுவதும் போய்விடும் என்று சொல்ல முடியாது. ஆலையும் கால்வாயும் நம் கையில் இல்லை. பீப்பாய் நம் கையில் இருக்கிறது. குடிக்கும் நீருக்கு அதை ஒதுக்கிவிட வேண்டும். பூச்சிமருந்து டப்பாவும் அப்படியே. கிணற்று மேட்டிலும் கால்வாய்ப் படியிலும் தெளிப்பானைக் கழுவுவதையும் நிறுத்த வேண்டும்.

கேட்கத் தடையில்லை

1974-ல் வந்த நீர் மாசு தடுப்புச் சட்டம் ஆலையின் வாசலைக் காக்கிறது. ஆந்திர மாசுக் கட்டுப்பாடு வாரியம் 1976-ல் அமைந்தது. ஏரியின் வாசலைக் காக்கக் கோர்ட்டுத் தீர்ப்புகள் இருக்கின்றன. மூன்றாவது வாசல், வீட்டுக் குழாய். அங்கேதான் கட்டாயச் சட்டம் இல்லை.

அது வரும் வரை ஒரு வழி இருக்கிறது. 2005-ல் வந்த தகவல் உரிமைச் சட்டத்தின்படி, மாநகராட்சிக்கு மனுப் போட்டு நான்கு கேள்விகள் கேட்கலாம். எங்கள் பகுதிக்கு வரும் நீர் எந்த ஆதாரத்திலிருந்து வருகிறது? கடைசியாக எந்தத் தேதியில், எந்த இடத்தில் மாதிரி எடுக்கப்பட்டது? தர நிர்ணயத்திலுள்ள எந்தெந்தப் பொருள்கள் பரிசோதிக்கப்பட்டன? பூச்சிமருந்துப் பரிசோதனை செய்யப்பட்டதா, எந்த நிலையத்தில்? மனு எழுதத் தெலுங்கு வராதவர்கள் ஆங்கிலத்தில் எழுதலாம். ஆபீசில் வேலை செய்யும் ஒரு குமாஸ்தா தம் தெருவுக்காக ஓர் அரை மணி நேரம் செலவிட்டால் போதும்.

பதில் திருப்தியாக வந்தால் தெரு நிம்மதியாகத் தண்ணீர் குடிக்கும். பூச்சிமருந்துப் பரிசோதனை செய்யவில்லை என்று வந்தால், அதுவே அடுத்த மனுவுக்கு ஆதாரம். குழாய்த் தண்ணீரின் தரத்தைக் கட்டாயமாக்கிச் சட்டம் செய்யுங்கள் என்று கேட்க அப்போது கையில் ஒரு காகிதம் இருக்கும்.

பாலாற்றுக் கரையில் முதல் மனு எழுதியவர்கள் மந்திரிகள் அல்ல, ஊர் ஜனங்கள். அவர்கள் கேட்டார்கள், விதி பிறந்தது. ஆனால் அவர்கள் கேட்டபோது கிணறுகள் ஏற்கெனவே கெட்டிருந்தன. சித்தூரும் திருப்பதியும் கிணறு கெடும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.